டிரிக்கரில் இல்லாத கோளாறு

செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் குடகில் கைல்போது வருகிறது. நாற்று நடவு முடிந்த கையோடு வீட்டுத் துப்பாக்கிகளை எடுத்துத் துடைத்து, குழல் வாயில் செங்காந்தள் பூவைச் செருகி, பூசை செய்யும் நாள் அது. நம் தமிழ்நாட்டின் மாநில மலர்தான் அங்கே துப்பாக்கிக்கு உரிய பூ. பூசை முடிந்ததும் தேங்காயைக் குறிவைத்துச் சுடும் போட்டி நடக்கும். மழைக்காலம் முழுக்க அலமாரியில் கிடந்த துப்பாக்கி பல வீடுகளில் அன்றைக்குத்தான் மறுபடி தோளில் ஏறுகிறது. அது பழைய இரட்டைக்குழலாக இருந்தால், முன் டிரிக்கரை இழுத்ததும் இரண்டு குழலும் ஒன்றாக வெடிப்பது உண்டு. எவ்வளவு இழுத்தாலும் ஒன்றுமே நடக்காமல் போவதும் உண்டு.

குடகர்களின் துப்பாக்கிக்கும் பெங்களூருக்கும் ஒரு பழைய தொடர்பு இருக்கிறது. கப்பன் பூங்காவின் பெயருக்குரிய மார்க் கப்பன், பெங்களூரில் இருந்தபடி மைசூரையும் குடகையும் நிர்வகித்த ஆணையர். குடகர்களுக்கு ஆயுதக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு அளிக்கும் அறிவிப்பு 1861-ல் அவர் காலத்தில்தான் வந்தது. அந்த விலக்கு, 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழும் தொடர்கிறது. 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. அதை எதிர்த்த வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2021-ல் தள்ளுபடி செய்தது. விலக்கு இல்லாதவர்கள் பெங்களூரு நகரத்தில் காவல் ஆணையரிடமும், மாவட்டங்களில் மாவட்ட ஆட்சியரிடமும் உரிமம் வாங்குகிறார்கள். அந்த உரிமப் புத்தகத்தில் இரட்டைக்குழல் துப்பாக்கியை டிபிபிஎல் என்று எழுதுவார்கள். பின்புறம் தோட்டா போடும் இரட்டைக்குழல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டை நின்ற பிறகு, இந்த டிபிபிஎல்களில் பெரும்பாலானவை சுடப்படுவதைவிடச் சும்மா கிடப்பதே அதிகம். தேர்தல் அறிவிப்பு வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் நடத்தை விதிகள் மார்ச் 16 முதல் ஜூன் 6 வரை நடப்பில் இருந்தன. கோடையில் உள்ளே போகும் துப்பாக்கி, மழை தொடங்கிய பிறகு வெளியே வருகிறது.

இந்தக் காலக்கணக்கைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரட்டைக்குழலில் டிரிக்கர் கோளாறு என்று சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி டிரிக்கரில் பிறப்பதில்லை. கட்டையிலும் எண்ணெயிலும் பருவத்திலும் பிறந்து, டிரிக்கரில் வந்து வெளிப்படுகிறது. டிரிக்கரைக் கழற்றி அரம் போடுகிறவர், நோயை விட்டுவிட்டு அதன் அறிகுறியோடு சண்டை போடுகிறார். அந்தச் சண்டையில் துப்பாக்கி மேலும் ஆபத்தானதாக மாறுகிறது.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். இன்று நாம் காணும் இரட்டைக்குழல்களில் பெரும்பான்மை 1875-ல் பர்மிங்ஹாமில் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தின் வில்லியம் ஆன்சனும் ஜான் டீலியும் காப்புரிமை பெற்ற வடிவத்தின் வழித்தோன்றல்கள். அதற்கு முன்பெல்லாம் குதிரை, அதாவது அடிக்கும் சுத்தி, பெரும்பாலும் வெளியே நிற்கும். கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஆன்சனும் டீலியும் அதை இரும்புப் பெட்டிக்குள் மறைத்தார்கள். குழல்களை மடக்கித் திறக்கும்போது, குழல்களின் சொந்த எடையே ஒரு நெம்புகோலை அழுத்தி, இரண்டு குதிரைகளையும் பின்னுக்குத் தள்ளி நிறுத்திவிடும். துப்பாக்கியைத் திறந்து தோட்டா போட்டு மூடினால் போதும், அது சுடத் தயார். உலகத்துப் பட்டறைகள் அந்த வடிவத்தைப் பின்பற்றியதற்கு அதன் எளிமைதான் காரணம். ஒரு பக்கத்துக்குக் குதிரை, மெயின் ஸ்பிரிங், சியர் என்று மூன்றே முக்கிய உறுப்புகள். அவற்றைத் தூண்ட ஒரு டிரிக்கர்.

சியர் என்பது ஒரு சிறு நெம்புகோல். அதன் மூக்கு, குதிரையில் வெட்டப்பட்ட ஒரு படியில் மாட்டி நிற்கும். அதன் வால் பின்னோக்கி நீண்டு, டிரிக்கரின் தகட்டுக்கு மேலே காத்திருக்கும். மெயின் ஸ்பிரிங் குதிரையை முன்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது; சியரின் மூக்கு அதைத் தடுத்துக்கொண்டே இருக்கிறது. டிரிக்கரை இழுத்தால் அதன் தகடு உயர்ந்து சியரின் வாலைத் தூக்கும், மூக்கு படியிலிருந்து வழுக்கி விலகும், குதிரை பாயும், ஊசி தோட்டாவின் கேப்பைக் குத்தும். இழுத்ததற்கும் குத்தியதற்கும் இடையே ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்குதான் கழிகிறது.

இதில் வியப்பானது அந்தப் படியின் அளவு. மூக்கும் படியும் ஒன்றையொன்று பிடித்திருக்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டரைத் தொடுவதில்லை. பல துப்பாக்கிகளில் அரை மில்லிமீட்டர் அளவுதான். ஆழம் கூடினால் டிரிக்கர் இழுவை நீண்டு கரகரக்கும். குறைந்தால் துப்பாக்கியைக் கொஞ்சம் ஓங்கி வைத்தாலே குதிரை பாய்ந்துவிடும். நல்ல நிலையிலுள்ள இரட்டைக்குழலில் முன் டிரிக்கரை விடுவிக்க ஒன்றே முக்கால் கிலோ அளவில் இழுவை வேண்டும், பின் டிரிக்கருக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாக. அந்த ஒன்றே முக்கால் கிலோதான் உங்கள் விரலுக்கும் விபத்துக்கும் நடுவே நிற்கிறது. சேஃப்டி பொத்தான் இருக்கிறதே என்பீர்கள். பெரும்பாலான இரட்டைக்குழல்களில் சேஃப்டி பூட்டுவது டிரிக்கரை மட்டும்தான். குதிரையை அது தொடுவதே இல்லை. சியரின் மூக்கு தேய்ந்திருந்தால், சேஃப்டி போட்ட நிலையிலும் துப்பாக்கி கீழே விழுந்த அதிர்ச்சியில் வெடிக்கலாம். உயர்விலைத் துப்பாக்கிகளில் இதற்காகவே தடுப்பு சியர் என்று இன்னொரு கொக்கி வைப்பார்கள். முதல் சியர் தவறினால் அது குதிரையைப் பாதி வழியில் பிடித்துக்கொள்ளும். நம் ஊர் அலமாரிகளில் இருப்பவற்றில் அது அநேகமாக இருக்காது. டிரிக்கர் கோளாறைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

இப்போது அந்த இரட்டை வெடிக்கு வருவோம். ஒரு டிரிக்கரை இழுக்க இரண்டு குழலும் வெடிக்கின்றன. வழக்கமாக முன் டிரிக்கர் வலது குழலுக்கு, பின் டிரிக்கர் இடது குழலுக்கு. வலது குழல் வெடித்ததும் துப்பாக்கி பின்னுக்குத் துள்ளுகிறது. 12 போர் தோட்டாவில் 32 கிராம் ரவை நொடிக்குச் சுமார் 370 மீட்டர் வேகத்தில் வெளியேறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். உந்தம் மாறாது என்ற விதிப்படி, மூன்றேகால் கிலோ துப்பாக்கி ரவையின் கணக்கில் மட்டும் நொடிக்கு 3.6 மீட்டர் வேகத்தில் பின்னே வர வேண்டும். ரவையோடு போகும் அடைப்பானையும், வாயுக்களையும் சேர்த்தால் அது 4 மீட்டரைத் தாண்டும். இந்த வேகம் சில மில்லிநொடிக்குள் உண்டாகிறது. அந்த அதிர்வில், இடது பக்கச் சியர் தன் அரை மில்லிமீட்டர் படியில் உட்கார்ந்திருக்க வேண்டும். முழுதாக உட்காராத சியர் உதறப்பட்டுவிடும். இரண்டாவது குழல் டிரிக்கரே இழுக்கப்படாமல் வெடித்துவிடும்.

எந்தச் சியர் குற்றவாளி என்பதைத் துப்பாக்கியைத் திறக்காமலேயே ஊகிக்கலாம். வலதைச் சுட்டால் இடதும் போகிறது, ஆனால் இடதை முதலில் சுட்டால் வலது தன் இடத்தில் நிற்கிறது என்றால், குறை இடது சியரில். நேர்மாறாக இருந்தால் வலது சியரில். இரண்டு வழியிலும் இரட்டை வெடி என்றால் தனித்தனிச் சியர்களை விட்டு, இரண்டுக்கும் பொதுவான ஒன்றைத் தேட வேண்டும். நல்ல பழுதுபார்ப்பவர் உரிமையாளரிடம் முதலில் கேட்கும் கேள்வி எந்த டிரிக்கரை இழுத்தீர்கள் என்பதுதான். இரண்டாவது கேள்வி, இன்னொரு விரல் எங்கே இருந்தது என்பது. இரண்டு விரல்களை இரண்டு டிரிக்கரில் வைத்துக்கொண்டு சுடுகிறவரின் துப்பாக்கி பின்னே துள்ளித் தோளில் நிற்கும்போது, இரண்டாவது விரல் அவர் அறியாமலே பின் டிரிக்கரை இழுத்துவிடும். அதற்கு மருந்து பட்டறையில் இல்லை.

அந்தப் பொதுவான காரணம் பெரும்பாலும் கட்டைதான். இரட்டைக்குழலின் கட்டை பெரும்பாலும் வால்நட் மரம். அதன் தலைப்பகுதியைக் குடைந்து, மேலே ஒரு இரும்பு நாக்கும் கீழே டிரிக்கர்கள் பொருந்திய தகடும் வைத்து, நடுவில் மரத்தைக் கவ்வித் திருகாணி போட்டிருப்பார்கள். டிரிக்கர் தகட்டின் உயரத்தை முடிவு செய்வது அந்த மரத்தின் தடிமன். டிரிக்கருக்கும் சியரின் வாலுக்கும் இடையே மெல்லிய காகிதம் போல ஒரு இடைவெளி இருக்கும்படி அதைப் பொருத்துவார்கள்.

மரம் ஈரம் குடிக்கும், ஈரத்தை விடும். மழைக்காலத்தில் வாசல் கதவு நிலையில் மாட்டிக்கொள்வதும் கோடையில் ஆடுவதும் இதனால்தான். வால்நட் மரம் பச்சையாக இருந்து முற்றிலும் காயும்வரை, இழைக்குக் குறுக்கே ஏறத்தாழ 7 சதவீதம் சுருங்கும். இழை ஓடும் நீளவாக்கில் கிட்டத்தட்ட ஒன்றும் ஆகாது. இந்தச் சுருக்கம் மரத்தின் ஈரம் 28 சதவீதத்திலிருந்து பூச்சியத்துக்கு இறங்கும்போது நடப்பது. பெங்களூரின் மார்ச் மாத வறண்ட காற்றில் கட்டையின் ஈரம் 8, 9 சதவீதத்தில் நிற்கும். குடகிலுள்ள மடிகேரியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அங்கே ஜூலை மாதத்தில் மெருகெண்ணெய் பூசிய கட்டைகூட 15 சதவீதத்தைத் தொட்டுவிடும். ஆறு புள்ளி வித்தியாசம். கணக்குப் போட்டால் மரம் குறுக்குவாக்கில் ஒன்றரை சதவீதம் மாறுகிறது. தகட்டுக்கும் நாக்குக்கும் நடுவே 30 மில்லிமீட்டர் மரம் என்றால், அதன் தடிமன் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் ஏறி இறங்குகிறது. சியரின் மொத்தப் பிடிமானமே அவ்வளவுதான்!

மழையில் மரம் உப்பினால் டிரிக்கர் தகடு கீழே இறங்குகிறது. டிரிக்கருக்கும் சியர் வாலுக்கும் இடைவெளி கூடுகிறது. இழுத்தால் முதலில் வெறும் ஆட்டம், பிறகு பாதித் தூக்கு. மூக்கு படியை விட்டு முழுதாக விலகுவதில்லை. இதுதான் ஒன்றுமே நடக்காத துப்பாக்கி. உப்பிய மரத்தின் விளிம்பு சியரின் வாலையே உரசிப் பிடித்துக்கொண்டால், அது தன் இடத்துக்குத் திரும்பத் தாமதிக்கிறது, பாதியில் நின்றுவிடுகிறது. அப்போது இரட்டை வெடிக்கு வழி பிறக்கிறது. கோடையில் கதை திரும்புகிறது. மரம் சுருங்கித் திருகாணிகள் தளர, அக்கறையுள்ள உரிமையாளர் திருப்புளி எடுத்து இறுக்குகிறார். தகடு மேலே ஏறுகிறது. டிரிக்கர் சியரின் வாலை எப்போதும் லேசாகத் தூக்கியபடி நிற்கிறது. மூக்கு படியின் ஓரத்தில்தான் தொற்றிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை சுட்டால் இரண்டும் போகும். ஒரே மரம் இரண்டு பருவத்தில் இரண்டு எதிரெதிர்க் கோளாறுகளைக் காட்டுகிறது. டிரிக்கரை மட்டும் பார்க்கிறவருக்கு இது புதிராகவே இருக்கும்.

இதற்கான பழுதுபார்ப்பு பொறுமையானது. இரும்புப் பாகங்களின் விளிம்பில் விளக்குக்கரியைப் பூசி, கட்டையில் பொருத்தி, எடுத்துப் பார்ப்பார்கள். மரத்தில் கரி ஒட்டிய இடம் உரசுகிற இடம். அந்த இடத்தில் மட்டும் உளியால் சவரம் செய்வதுபோல் சீவி, மறுபடி கரி பூசி, மறுபடி பொருத்திப் பார்க்க வேண்டும். பிறகு சீவிய மரத்துக்கு எண்ணெய் மெருகு கொடுத்து ஈரம் ஏறாமல் அடைக்க வேண்டும். வெளியே பளபளக்கும் கட்டைகள் பலவும் உள்ளே வெறும் மரமாகத்தான் இருக்கின்றன. ஈரம் நுழைவது அந்த வழியாகத்தான். எஃகில் ஒரு கீறல்கூட விழாமல் டிரிக்கர் சரியாகிவிடுவது இந்தத் தொழிலின் அழகுகளில் ஒன்று என்று நினைக்கிறேன்.

மரத்துக்கு அடுத்த சந்தேக நபர் எண்ணெய். துருவுக்குப் பயந்து கையில் கிடைத்ததை ஊற்றுவது நம் பழக்கம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். பெங்களூரில் டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் 15 டிகிரி சாதாரணம். உறைந்த எண்ணெயில் சியரின் சின்ன ஸ்பிரிங்குக்கு மூக்கைப் படிக்குள் தள்ளும் பலம் போதாது. குதிரையும் சோம்பலாகப் பாயும், கேப்பில் ஆழமில்லாத குழிதான் விழும். கட்டைக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய் இன்னும் மோசம். அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகி, பிசின்போல் படலமாகும் இனம். மரத்துக்கு அந்தக் குணம்தான் வேண்டும். இரும்புப் பெட்டியான ஆக்‌ஷனுக்குள் வழிந்துவிட்டால் அதே குணம் உறுப்புகளை ஒட்டிவிடும். கனிம எண்ணெய்கூடப் பல ஆண்டுகள் தூசியோடு கிடந்தால் பசையாகும். கடைக்கு வரும் டிரிக்கர் புகார்களில் கணிசமானவை, எல்லாவற்றையும் கழற்றிக் கரைப்பானில் கழுவி, துளித்துளியாகச் சரியான எண்ணெய் இட்டதோடு தீர்ந்துவிடும்.

ஊற்றிய எண்ணெய்க்குப் புவியீர்ப்பு உண்டு என்பதையும் மறக்கிறோம். துப்பாக்கியைக் குழல் மேலே பார்க்கும்படி ஆண்டுக்கணக்கில் நிறுத்தினால், எண்ணெய் முழுதும் ஆக்‌ஷன் வழியாக இறங்கிக் கட்டையின் தலைக்குள் ஊறும். அங்கே மரம் கறுத்து, மெத்தென்று ஆகி, ஒவ்வொரு பின்னுதைப்பிலும் நசுங்கும். இரும்பு மெல்ல மெல்லப் பின்னுக்கு நகர, டிரிக்கரும் சியரும் தங்கள் உறவை இழக்கும். பழைய வீடுகளில் துப்பாக்கியைக் குழல் கீழே பார்க்கும்படி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் இந்த அறிவு இருக்கிறது.

இரண்டு டிரிக்கர் இருப்பதால்தானே இவ்வளவு சிக்கல், ஒன்றே இருந்தால் என்ன என்று தோன்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத் துப்பாக்கிக்காரர்களுக்கும் தோன்றியது. ஒரே டிரிக்கர், முதல் இழுப்பில் வலது, இரண்டாம் இழுப்பில் இடது. காகிதத்தில் எளிதாக இருந்தது. செய்து சுட்டால் இரண்டும் ஒன்றாக வெடித்தன. பொறி சரி, வெட்டு சரி, ஸ்பிரிங் சரி. ஆனாலும் இரட்டை வெடி. காரணம் சுடுபவரின் விரலில் இருந்தது. முதல் குழல் வெடித்ததும் துப்பாக்கி விரலைவிட்டுப் பின்னே ஓடுகிறது, டிரிக்கர் விடுபடுகிறது. தோள் துப்பாக்கியை நிறுத்துகிறது. இழுத்துக்கொண்டிருந்த விரல் அந்தக் கணத்தில் டிரிக்கரை மறுபடி எட்டிப் பிடித்து இழுத்துவிடுகிறது. சுடுகிறவருக்கு இந்த இரண்டாவது இழுப்பு தெரியவே தெரியாது. நான் ஒரு முறைதான் இழுத்தேன் என்று உண்மையாகவே சொல்வார்.

பாஸ் நிறுவனத்தின் ஜான் ராபர்ட்சன் 1894-ல் காப்புரிமை பெற்ற பொறி இந்த உண்மையை ஏற்றுக்கொண்டு தொடங்கியது. அவர் டிரிக்கருக்கு மூன்று இழுப்பு வைத்தார். முதலாவது வலது குழலுக்கு. இரண்டாவது, சுடுகிறவர் அறியாமல் இழுக்கிற அந்த இழுப்பு; அது எதையும் தொடாமல் வீணாகப் போகும். மூன்றாவதுதான் இடது குழலுக்கு. மனித உடலின் ஒரு பழக்கத்தைத் திருத்த முயலாமல் அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்த இந்தத் தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது.

பிறகு வந்த பல துப்பாக்கிகள் வேறு வழியில் போயின. உள்ளே ஒரு சிறு எடையைத் தொங்கவிட்டார்கள். துப்பாக்கி பின்னே துள்ளும்போது எடை தன் நிலைமத்தால் இடம் மாறி, டிரிக்கரை இரண்டாவது சியரோடு இணைக்கிறது. பின்னுதைப்பே அடுத்த குழலைத் தயார் செய்கிறது. இந்த வகையில் இரண்டாம் குழல் வெடிக்கவில்லை என்ற புகார் வந்தால், உடனே உடைந்த உறுப்பைத் தேட வேண்டாம். முதல் தோட்டா வெடிக்காமல் போனால் பின்னுதைப்பு இல்லை, எடை நகராது, இரண்டாவதும் வெடிக்காது. அது கோளாறு இல்லை, அதன் இயல்பு. போட்டிகளில் பயன்படும் 24 கிராம் தோட்டாக்களில் உதைப்பு குறைவு. எடை உட்காரும் குழியில் பழைய பிசுக்கு சேர்ந்திருந்தால், 32 கிராம் தோட்டாவுக்கு நகர்கிற எடை 24 கிராமுக்கு நகராது. பட்டறையில் இதைத் தோட்டா இல்லாமலே சோதிப்பார்கள்: பொய்த்தோட்டா போட்டு டிரிக்கரை முதல் முறை இழுத்து, கட்டையின் அடியை ரப்பர் விரிப்பில் ஒரு தட்டுத் தட்டி, மறுபடி இழுத்தால் இரண்டாம் குதிரை பாய வேண்டும்.

போட்டித் துப்பாக்கிகளில் டிரிக்கர் கோளாறுக்கு இன்னொரு விடை உண்டு. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கை ஒட்டி இத்தாலியின் பெராட்சி நிறுவனம் கொண்டுவந்த எம்எக்ஸ்8-ல் டிரிக்கர் தொகுதி முழுவதையும் கையால் கழற்றி எடுக்கலாம். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் பறக்கும் வட்டுகளைச் சுடும் டிராப் பிரிவில் இறங்கிய நம் புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் போன்றவர்களின் விளையாட்டில், நடுப்போட்டியில் ஸ்பிரிங் உடைந்தால் பட்டறை தேடி ஓட நேரமில்லை. மாற்றுத் தொகுதியைச் செருகிவிட்டு அடுத்த வட்டுக்குத் தயாராகலாம்.

வெடிக்கவே வெடிக்காத குழலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுடப்படாத தோட்டாவின் கேப்பைப் பாருங்கள். குழி ஆழமாக, நடுவில் இருந்தால் தோட்டா கெட்டது. ஈரத்தில் கிடந்த தோட்டாக்களில் மருந்து எளிதில் கெடும். குழி மேலோட்டமாக இருந்தால் ஸ்பிரிங்கோ ஊசியோ பிசுக்கோ காரணம். குழியே இல்லை என்றால் சியர் விடுபடவில்லை, அல்லது குதிரை பின்னே போகவே இல்லை. குழலை மடக்கும்போது குதிரையைத் தள்ள வேண்டிய நெம்புகோல் தேய்ந்திருக்கலாம். சந்தேகம் இருந்தால் அடுத்தமுறை தோட்டாக்களைக் குழல் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம்: கோளாறு தோட்டாவோடு போகிறதா, குழலோடு நிற்கிறதா? வெடிக்காத துப்பாக்கியை உடனே திறக்காமல், பாதுகாப்பான திசையில் பிடித்தபடி அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும். தாமதமாகப் பற்றும் மருந்து திறந்த துப்பாக்கியில் வெடித்தால் முகம் போய்விடும்.

பழைய துப்பாக்கிகளின் மெயின் ஸ்பிரிங், மடித்த தகடு. மடிப்பில்தான் அழுத்தம் முழுதும் குவியும். அங்கே ஒரு துருப்புள்ளி விழுந்தால் அதிலிருந்து விரிசல் தொடங்கி, ஒருநாள் இரண்டாக முறியும். சுருள் ஸ்பிரிங் ஒரு சுற்றில் முறிந்தாலும் மீதிச் சுற்றுகள் ஓரளவு வேலை செய்யும். பிற்காலத் துப்பாக்கிகள் சுருளுக்கு மாறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி அரத்தைப் பற்றி. டிரிக்கர் கடினமாக இருக்கிறது என்று வந்தவருக்கு, சியரின் மூக்கை இரண்டு இழுப்பு இழுத்து மென்மையாக்கிக் கொடுக்கும் கைகள் எல்லா ஊரிலும் உண்டு. இதன் கேடு இரண்டு வகை. ஒன்று கோணம். எண்ணெய் இட்ட எஃகின் மீது எஃகு வழுக்காமல் நிற்கும் கோணம் ஆறேழு டிகிரிதான். மூக்கும் படியும் சந்திக்கும் முகம் வெளிப்புறமாக அதற்குமேல் சாய்ந்துவிட்டால், உராய்வால் பிடித்து வைக்க முடியாது. ஸ்பிரிங்கின் அழுத்தமே சியரைத் தள்ளி வெளியேற்றும். கண்ணால் அளக்க முடியாத இரண்டு டிகிரியில் ஒரு துப்பாக்கி நம்பகமானதிலிருந்து தானே வெடிப்பதாக மாறுகிறது.

இன்னொன்று தோல். பழைய சியர்களும் குதிரைகளும் மென்மையான எஃகில் செய்யப்பட்டு, எலும்புக்கரியோடு பெட்டியில் அடைத்து 850 டிகிரிக்கு மேல் காய்ச்சி, தண்ணீரில் அமிழ்த்தப்பட்டவை. கரி மேற்பரப்புக்குள் ஊடுருவி ஒரு மில்லிமீட்டரில் சில பத்தில் பங்கு ஆழத்துக்குக் கண்ணாடிபோல் கடினமான தோலை உண்டாக்குகிறது. உள்ளே அதே மென்மையான எஃகுதான். அரம் அந்தத் தோலைக் கடந்தால், மென்மையான உள்சதை வெளியே வரும். அன்று வழவழப்பாக இருக்கும் டிரிக்கர், சில நூறு வெடிக்குள் தேய்ந்து பள்ளம் விழும். சரியான வழி கோணம் பிடித்த அச்சில் வைத்துச் சாணைக்கல்லில் மெருகு ஏற்றுவது. தோல் போய்விட்டிருந்தால் புது உறுப்பு செய்து மறுபடி கடினப்படுத்துவது. இரண்டும் தனித் திறமை வேண்டும் வேலைகள்.

திருகாணியைத் தொடுவதற்கே திறமை வேண்டும். சாதாரணத் திருப்புளியின் நாக்கு ஆப்புபோல் சரிந்திருக்கும். துப்பாக்கித் திருகாணியின் குறுகலான வெட்டில் அது மேலேறிக்கொண்டு விளிம்பைச் சிதைக்கும். இந்தத் தொழிலில் ஒவ்வொரு திருகாணிக்கும் நாக்கைத் தனியாக இணையாகத் தேய்த்து வைத்துக்கொள்வார்கள். சிதைந்த திருகாணித் தலை, அனுபவமில்லாத கை உள்ளே போய் வந்ததற்கான முதல் சாட்சி. விலை கேட்பவர்கள் துப்பாக்கியின் பெயரைப் பார்ப்பதற்கு முன் அதைப் பார்ப்பார்கள்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, தயாரிப்பு, விற்பனையோடு பழுதுபார்ப்பையும் சோதனையையும் உரிமம் வேண்டும் வேலைகளாக வைத்திருக்கிறது. துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம், அதைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கான உரிமம் ஆகாது. தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்துச் சியர் தேய்த்து வாங்கினால் கொடுத்தவர், செய்தவர் இருவருக்கும் வழக்கு வரலாம். உரிமையாளர் செய்யக்கூடியது, துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று உறுதிசெய்துவிட்டு, கண்டதை எழுதி வைப்பது: எந்த டிரிக்கர், எந்தக் குழல், என்ன தோட்டா, எந்த மாதம், கடைசியாக என்ன எண்ணெய், திருகாணியை யாராவது இறுக்கினார்களா. இந்த விவரங்களோடு உரிமம் உள்ள கடைக்குப் போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பழுது பார்த்து முடித்த துப்பாக்கியை எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் காலித் துப்பாக்கியில் குதிரைகளை ஏற்றி, சேஃப்டி போட்டும் போடாமலும், கட்டையின் அடியிலும் பக்கவாட்டிலும் ரப்பர் சுத்தியால் தட்டுவார்கள். உள்ளே ஒரு சிறு கிளிக் கேட்டால் மேசைக்குத் திரும்ப வேண்டும். பிறகு இழுவையை எடைத் தராசில் பலமுறை அளப்பார்கள். ஒவ்வொரு முறையும் எண் மாறினால் மூக்கு ஒரே இடத்தில் உட்காரவில்லை. இந்த இரண்டையும் தாண்டியபின்தான் தோட்டா. அப்போதும் இரண்டு குழலிலும் போட மாட்டார்கள். ஒன்றில் உண்மைத் தோட்டா, மற்றதில் பொய்த்தோட்டா. உண்மையானதைச் சுட்டுவிட்டு, மற்ற டிரிக்கரை இழுத்துப் பார்க்க வேண்டும். அப்போது குதிரை விழும் ஓசை கேட்டால், வெடியின் அதிர்ச்சியிலும் அந்தச் சியர் தன் படியைப் பிடித்திருந்தது என்று பொருள். ஓசை வராவிட்டால் குதிரை வெடியோடு வெடியாக ஏற்கெனவே விழுந்துவிட்டது. குழல்களை மாற்றி இதையே திரும்பச் செய்வார்கள், கனமான தோட்டாவிலும் செய்வார்கள். குடகுக்கு எடுத்துப் போகும் துப்பாக்கி என்றால், மழை தொடங்கி ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை கொண்டுவரச் சொல்வது நல்ல கடைக்காரரின் பழக்கம்.